மூன்றாம் மாடிக் கைப்பிடி

குட்டியின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் இடுப்புவலி தேவலையா? குட்டி ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

இங்கே நடந்த கூத்தைக் கேள். போனில் சொன்னால் அழுவாய் என்றுதான் எழுதுகிறேன். நேற்று எங்கள் அறை பால்கனிக் கைப்பிடியில் ஈரச்சட்டையைக் காயப்போட்டேன். கைப்பிடி அப்படியே பெயர்ந்து, சட்டையோடு மூன்றாம் மாடியிலிருந்து கீழே போய்விட்டது. நல்லவேளை, கீழே யாரும் இல்லை. நானும் அதில் சாயவில்லை, பயப்படாதே.

கட்டட ஓனர் ஓடிவந்து, "ஈரத்துணிய யாருங்க அதுல போடச் சொன்னது?" என்றார். கட்டிக்கொடுத்த பில்டரோ, "சாவி குடுத்ததோட எங்க பொறுப்பு முடிஞ்சுபோச்சு" என்றார். தப்பை ஒத்துக்கொண்டு தலைகுப்புற விழுந்தது கைப்பிடி மட்டும்தான். கம்பி நட்ட குழியில் சிமென்ட்டே இல்லை, மேலே பெயின்ட் அடித்து மறைத்திருக்கிறார்கள். நாள் முழுக்கக் கைப்பிடி பற்றவைக்கிற எனக்கே தெரியவில்லை, பார்!

பக்கத்து அறைக்காரர் லீவில் ஊருக்கு வருகிறார். திரும்பும்போது அவரிடம் என் சட்டை ஒன்று கொடுத்தனுப்பு. புதிது வேண்டாம், நம் வீட்டுக் கொடியில் காய்ந்தது போதும்.

நம் மாடிக் கைப்பிடியையும் கொத்தனாரிடம் காட்டு. தினமும் அதில் சாய்ந்துகொண்டுதானே என்னோடு போன் பேசுகிறாய்? இனிமேல் சுவரோரம் உட்கார்ந்து பேசு.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. நீ சாய்ந்துகொள்ள நானே சீக்கிரம் ஊருக்கு வந்துவிடுகிறேன்.

உன் வெல்டர்