என் மகளை என்னிடமிருந்து விடுவிக்கக் கோரி

அனுப்புநர்
கிளைட் கோரம்,
கலங்கரை விளக்கச் சாலை,
கானட் முனை, நோவா ஸ்கோஷியா.

பெறுநர்
வட்டாரக் கல்வி இயக்குநர் அவர்கள்,
தென்கரை வட்டாரக் கல்வி அலுவலகம்.

பொருள்: கானட் முனை மேல்நிலைப் பள்ளி – தொழில் வழிகாட்டல் – பன்னிரண்டாம் வகுப்பு மாணவி டெஸ்ஸா கோரம் பணியிடப் பயிற்சிக்குத் தன் தந்தையிடமே அனுப்பப்பட்டது – படகு எஞ்சின் பட்டறைக்கு மாற்றித் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வெட்கத்தை விட்டு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்ற புதன்கிழமை பிற்பகல், என் தொழிலைக் கற்றுக்கொள்ளத் தங்கள் துறையின் அனுமதியோடு வந்திருந்த ஒரு பயிற்சியாளரின் கண்ணெதிரே, நாற்காலியில் உட்கார்ந்தபடியே வாயைப் பிளந்து தூங்கிவிட்டேன். பயிற்சியாளர் என்னை எழுப்பவில்லை. அன்றைய பணிக் குறிப்பில் "மேற்பார்வையாளர் ஆழ்ந்த யோசனையில் இருந்தார்" என்று எழுதி என் மானத்தைக் காப்பாற்றினார். அந்தப் பயிற்சியாளர் நான் பெற்ற மகள் டெஸ்ஸா.

2. நான் எங்கள் ஊர் வாரப் பத்திரிகையின் எட்டாம் பக்கத்தில் நகைச்சுவைப் பத்தி எழுதுகிறவன். நகைச்சுவை என்பது ஆசிரியர் வைத்த பெயர். வாசகர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. இப்படிப்பட்ட ஒருவனிடம் ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை ஒப்படைக்கும் துணிச்சல் தங்கள் துறைக்கு எப்படி வந்தது என்பதைக் கீழே விவரிக்க அனுமதி வேண்டுகிறேன்.

3. நவம்பர் மாதக் கடைசித் திங்கட்கிழமை எங்கள் கடற்கரையில் கூடு இறக்கும் நாள். சிங்கி இறால் பருவம் அன்றுதான் திறக்கிறது. விடியுமுன்பே படகுகள் இறால் பிடிக்கும் கம்பிக் கூடுகளை மலையாக அடுக்கிக்கொண்டு கிளம்பும். ஊரே துறைமுகத்தில் நின்று கையசைக்கும். எங்கள் ஊரில் அன்று யாரும் கல்யாணம் வைப்பதில்லை, பல் பிடுங்குவதில்லை, முடிந்தவரை சாவதுமில்லை. தலைநகரிலிருந்து சென்ற ஆகஸ்டில் மாற்றலாகி வந்த தொழில் வழிகாட்டல் ஆலோசகர் திருமதி பிலிப்பா கிரோவெல் அவர்கள், தொழில் கண்காட்சி நடத்தத் தேர்ந்தெடுத்தது அதே திங்கட்கிழமையைத்தான். இதற்கு அவர் சொன்ன காரணம் நியாயமானது: "வருஷம் பூரா உடற்பயிற்சிக் கூடம் கிடைக்கவே மாட்டேங்குது சார். அந்த ஒரு நாள் மட்டும் பளிச்சுன்னு காலியா இருந்துச்சு. உடனே பிடிச்சுப் போட்டுட்டேன்."

4. அவரிடம் யாரும் ஏன் சொல்லவில்லை என்று தாங்கள் கேட்கலாம். நானே சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. குழியை நோக்கி நடக்கிறவரைக் கூப்பிட்டு நிறுத்த மாட்டோம். நல்ல இடமாகப் பார்த்து நின்றுகொள்வோம். அதோடு, எனக்குப் பேச அழைப்பும் வந்திருந்தது. என்னைப் பேச அழைப்பவர்கள் அபூர்வம். ஆகவே வாயைத் திறக்கவில்லை.

5. கண்காட்சி சிறப்பாக நடந்தேறியது. படகுத் தலைவர்கள் வரவில்லை. வலை இழுப்பவர்கள், இரும்பு பற்றவைப்பவர்கள், பனிக்கட்டி ஆலைக்காரர்கள், கூடுகளுக்கு இரை விற்பவர்கள், கடலோரக் காவல் படையினர் ஒருவரும் வரவில்லை. அதாவது, எங்கள் ஊரில் வேலை என்று ஒன்றைச் செய்பவர் எவரும் வரவில்லை. வந்தவர்கள்: ஒரு காப்பீட்டு முகவர், கடலை விட்டுத் தள்ளி உள்ளே, ஒட்டகச் சாதி உரோம விலங்கான அல்பாகா வளர்க்கும் ஒரு தம்பதி (அல்பாகாவும் வந்தது), ஈமச்சடங்கு நிலையத்தின் உரிமையாளர், பிறகு நான். மாணவர் தரப்பில் படகைப் பார்த்தாலே குமட்டும் பிள்ளைகள் வந்திருந்தார்கள். அல்பாகாவைச் சுற்றி நல்ல கூட்டம். என் மேசைக்கு ஒரே ஒரு பையன் வந்தான். "சார், இந்த நாற்காலிய யாராச்சும் யூஸ் பண்றாங்களா?" என்றான். நான் எழுந்து கொடுத்துவிட்டேன்.

6. இதோடு முடிந்திருந்தால் ஒரு பத்திக்கு ஆயிற்று என்று நானும் மகிழ்ந்திருப்பேன். ஆனால் டிசம்பரில் தங்கள் அலுவலகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. கண்காட்சிக்கு நேரில் வந்து பதிவு செய்துகொண்டவர்களிடம் மட்டுமே மாணவர்களைப் பயிற்சிக்கு அனுப்பலாமாம். அவர்களே "நிரூபிக்கப்பட்ட ஆர்வமுள்ள தொழில் பங்காளர்கள்". இதன் பலன்களைத் தாங்கள் நேரில் வந்து பார்க்க வேண்டும். மூன்று தலைமுறையாகப் படகோட்டும் குடும்பத்துப் பையன் காப்பீட்டு அலுவலகத்தில் உறை ஒட்டுகிறான். இரும்பு பற்றவைக்க விரும்பிய பெண் அல்பாகாவுக்கு உரோமம் சீவுகிறாள். என் மகள் எனக்கு வந்து வாய்த்தாள்.

7. டெஸ்ஸா விரும்பியது வெர்னல் நிக்கர்சனின் எஞ்சின் பட்டறை. தொழிற்கல்லூரியில் கப்பல் எஞ்சின் பிரிவுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். ஏதேனும் ஒரு பட்டறையில் கைப்பழக்கம் உள்ளவர்களுக்கே அங்கே முதலிடம். வசந்தத்துக்குள் அந்தச் சான்று போய்ச் சேராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். சிரிக்க வைக்கத் தெரிந்தவர்களுக்கு அங்கே ஒதுக்கீடு எதுவும் இல்லை. விசாரித்துப் பார்த்துவிட்டேன்.

8. இதை எடுத்துச் சொல்லத் திருமதி கிரோவெல் அவர்களை நேரில் சந்தித்தேன். அவர் அன்பாக ஓட்ஸ் பிஸ்கட் கொடுத்து உபசரித்தார். கணினி நடத்திய ஆர்வத் தேர்வில் டெஸ்ஸா "கையால் வேலை செய்யப் பிடிக்கும்", "தனியாக வேலை செய்யப் பிடிக்கும்" என்ற இரண்டுக்கும் ஆம் போட்டிருப்பதைச் சுட்டிக்காட்டினார். "நீங்களும் தனியாத்தானே உக்காந்து எழுதறீங்க? தட்டச்சு பண்றதும் கையாலதானே சார்?" என்றார். வெறுங்கையோடு திரும்பினேன். வீட்டில் நடந்ததைச் சொன்னதும், துறைமுகத்தில் இரை விற்கும் என் மனைவி மார்லா, கைகளைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "அவ எஞ்சின் கேட்டா. நீ என்ன எஞ்சினா? உன்னைக் காலைல கிளப்பறதுக்கே எனக்கு அரை நாள் ஆகுது." இது தொழில்நுட்ப ரீதியாகச் சரியான கருத்து என்பதால் அப்படியே இங்கே பதிவு செய்கிறேன்.

9. பயிற்சி தொடங்கியது. விதிப்படி முதலில் பாதுகாப்பு ஆய்வு. பள்ளியிலிருந்து வந்த அதிகாரி என் சமையலறையைச் சுற்றிப் பார்த்து, பணியிட அபாயங்கள் என்ற இடத்தில் "பூனை" என்று எழுதிக்கொண்டார். இரும்பு முனைக் காலணி கட்டாயம் என்றார். ஆகவே என் மகள் தினமும் மதியம் ஒரு மணிக்கு, பட்டறைக்கென்று ஆசையாக வாங்கிய காலணியைக் கட்டிக்கொண்டு, என் சாப்பாட்டு மேசைக்கு எதிரே உட்காருகிறாள். முதல் நாள் நடந்த உரையாடல் இது:

"அப்பா, வேலை எப்போ ஆரம்பிக்கும்?"

"ஆரம்பிச்சாச்சு."

"எப்போ?"

"ஃப்ரிட்ஜத் திறந்து பாத்தேன்ல, அப்பவே."

"மூணு தடவை திறந்தீங்க."

"இன்னிக்கு வேலை ஜாஸ்தி."

இரண்டாம் வாரம் அவள் அந்தக் குளிர்சாதனப் பெட்டியைச் சுவரிலிருந்து இழுத்து, பின்பக்கத்தைக் கழற்றி, வருடக்கணக்காக முனகிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டாள். இப்பயிற்சியில் நடந்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். மதிப்பீட்டுத் தாளில் அதை எழுதத் தோதான கட்டம் இல்லை. "படைப்பூக்கம்" என்பதற்கு எதிரே ஐந்துக்கு ஐந்து போட்டேன். "பயிற்சி முடிந்ததும் இவரைத் தங்கள் நிறுவனத்தில் பணியமர்த்துவீர்களா?" என்ற கேள்விக்கு, என் நிறுவனம் என்னையே இன்னும் பணியமர்த்தவில்லை என்று எழுதினேன். அது அடிக்கப்பட்டுத் திரும்பி வந்தது.

10. இனி கேலி இல்லாமல் ஒன்று சொல்கிறேன். எனக்குப் பழக்கமில்லாத காரியம், பொறுத்துக்கொள்ளவும். பிற்பகலில் படகுகள் கரை திரும்பும் சத்தம் எங்கள் ஜன்னலுக்குக் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் டெஸ்ஸா தலையைத் தூக்குவாள். ஒருநாள், "அந்தப் படகு எஞ்சின்ல பெல்ட் வழுக்குது. யாராச்சும் போய்ச் சொல்லணும்" என்றாள். பிறகு மணியைப் பார்த்தாள். பயிற்சி நேரம் முடியாமல் பணியிடத்தை விட்டு நகரக் கூடாது என்பது விதி. என் பத்தியில் ஒரு காற்புள்ளியைச் சரிபார்க்கக் குனிந்துகொண்டாள். பதினேழு வருடமாக என் நகைச்சுவையைக் கேட்டு வளர்ந்த பெண். அதில் எதற்கும் அவள் அப்படித் தலையைத் தூக்கி நான் பார்த்ததில்லை.

11. வெர்னல் நிக்கர்சனோ இவளை எடுத்துக்கொள்ளத் தயார். "நாளைக்கே அனுப்பு. ஸ்பேனர் பேரச் சொன்னா சரியா எடுத்துக் குடுக்கற ஆளு இந்த ஊர்ல எனக்குக் கிடைக்கல" என்றார். அவரிடம் உள்ள ஒரே குறை, கண்காட்சியில் பதிவு செய்யாததுதான். கூடு இறக்கும் நாளில் ஒரு எஞ்சின்காரர் எங்கே இருப்பார்? பாரம் ஏற்றிய படகு கிளம்பாமல் மக்கர் செய்தால் ஓடிப்போய்ப் பார்க்கத் துறைமுகத்தில் நின்றிருப்பார். தன் கடமையைச் செய்துகொண்டிருந்த மனிதரை "ஆர்வமற்றவர்" என்றும், வேலையற்று வந்து நின்ற என்னை "நிரூபிக்கப்பட்ட ஆர்வமுள்ளவர்" என்றும் வகைப்படுத்திய தங்கள் துறையின் கூர்மையை எந்த வார்த்தையால் பாராட்டுவது என்று தெரியவில்லை. அவர் வராததற்குத் தங்கள் துறை குறித்த தேதியே முழுக் காரணம். இம்மனுவின் அடிப்படையே இதுதான்.

12. ஆகவே ஐயா, டெஸ்ஸா கோரத்தை என் பொறுப்பிலிருந்து உடனடியாக விடுவித்து, வெர்னல் நிக்கர்சனின் பட்டறைக்கு மாற்ற ஆணையிடுமாறும், என்னிடம் கழிந்த நாட்களைக் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்த்த அனுபவமாகவேனும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுமாறும், வரும் ஆண்டுகளில் கண்காட்சித் தேதியைக் குறிக்கும் முன் துறைமுகத்தில் யாராவது ஒருவரைக் கேட்குமாறும் வேண்டுகிறேன். கல்லூரியின் கதவு மார்ச் மாதத்தில் சாத்தப்படுகிறது. தங்கள் பதில் அதற்கு முன்பே வந்தால், தொழில் வழிகாட்டலால் ஒரு பிள்ளையாவது பயனடைந்தது என்று என் பத்தியிலேயே எழுதுவேன். யாரும் நம்ப மாட்டார்கள், ஆனாலும் எழுதுவேன்.

இடம்: கானட் முனை
நாள்: 26.02.2024

இப்படிக்கு,
பணிவுடனும், பயிற்சியாளர் முன் கூச்சத்துடனும்,
கிளைட் கோரம்
(ஒப்பம்)

பின்குறிப்பு: இம்மனுவில் சாட்சிக் கையெழுத்து வாங்க இன்று மாலை பட்டறைக்குப் போயிருந்தேன். வெர்னல் நிதானமாகப் படித்துவிட்டுக் கையெழுத்தும் போட்டார். பிறகு சொன்னார்: "கிளைட், பதினொண்ணாவது மட்டும் சரியில்ல. அன்னிக்குத் துறைமுகத்த என் தம்பிதான் பாத்துக்கிட்டான். நான் பள்ளிக்கூடத்துக்கு வரணும்னுதான் சட்டை மாத்திக்கிட்டுக் கிளம்பினேன். வாசல்ல போஸ்டர் ஒட்டியிருந்தாங்க. நீ முக்கா மணி நேரம் பேசறதா போட்டிருந்துது. அப்படியே வண்டியத் திருப்பிட்டேன்." எனவே பத்தி 11இல் "துறைமுகத்தில்" என்று வரும் இடத்தைப் "பள்ளி வாசல் வரை" என்று திருத்திப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். டெஸ்ஸாவுக்கு இது இன்னும் தெரியாது.