இரங்கலில் சேராத பெயர்

1962 ஆடி, சனி இரவு, தென்காசி.

அரசு பாலிடெக்னிக்குகளின் அகில இந்தியச் சங்க மாநாடு இன்று குற்றாலத்தில் தொடங்கியது. வழக்கம்போல, கடந்த ஓராண்டில் இறந்துபோன ஆசிரியர்களின் பெயர்களை முதலில் வாசித்து, எல்லோரும் எழுந்து மௌனமாக நிற்பதாக ஏற்பாடு. எங்கள் கல்லூரிப் பட்டறையில் பையன்களுக்கு இரும்படிக்கப் பழக்கிய மாடசாமி பங்குனியில் போய்விட்டான். அவன் பெயரையும் எழுதிக் கொடுத்திருந்தேன். அந்தத் தைரியத்தில் அவன் மனைவி சண்முகத்தாயை இலத்தூரிலிருந்து வரச் சொன்னதும் நான்தான்.

கூட்டம் தொடங்கும் சமயத்தில், மெட்ராஸிலிருந்து வந்த செயலாளர் என்னை ஓரமாக அழைத்தார்.

"இவர் பட்டறை இன்ஸ்ட்ரக்டர்தானே? ஆசிரியர் கணக்குல வரமாட்டார். விதியில இடமில்லை சார்."

பேனாவால் பெயரை அடித்துவிட்டார். நான் வாதாடினேன். அருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது, சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று மேடைக்குப் போய்விட்டார்.

பெயர்களை இங்கிலீஷில் மளமளவென்று வாசித்தார்கள். எல்லோரும் எழுந்தோம். கடைசி வரிசையில் சண்முகத்தாயும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

வெளியே வந்ததும் என்னைக் கும்பிட்டாள்.

"பேரு எனக்குச் சரியா காதுல விழல அண்ணாச்சி. ஆனா எம்புட்டுப் பெரிய மனுசங்க அவுகளுக்காவ எந்திச்சு நின்னாக! அவுக பேர எத்தனாவதா வாசிச்சாக?"

"முதல்ல வாசிச்சதே அவன் பேருதான் தாயி" என்றேன்.

பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸுக்கு ஓடினாள். இந்நேரம் சொல்லியிருப்பாள்.