அரம் வழுக்கிய அந்த ஒரு கத்தி

அத்தான்,

உங்கள் வீட்டு எண்ணெய் டின்னை என் பட்டறைக்குத் தூக்கி வந்துவிட்டேன். மூடியைத் திறந்தால் கருகிய கடலை எண்ணெய் வாசம் குப்பென்று அடிக்கிறது. என் பட்டறையில் அந்த வாசம் இருப்பது நியாயம். பழுக்கக் காய்ச்சிய இரும்பை எண்ணெயில் முக்கித் தோய்ச்சல் கொடுக்கிற வேலை என்னுடையது. கைப்பிடி மட்டும் மாட்டுகிற உங்கள் வீட்டுப் புறவாசலில் இந்த டின்னுக்கு என்ன வேலை? பக்கத்திலேயே கம்பியில் கட்டிய ஒரு காந்தமும் கிடந்தது, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது. இரண்டையும் பார்த்த நாள் முதல் உங்கள் மேல் கடுங்கோபத்தில் இருக்கிறேன். செத்தவர்களைத் திட்டக் கூடாது என்கிறாள் அக்கா. எழுதக் கூடாது என்று சொல்லவில்லை.

நீங்கள் மில்லில் ஃபிட்டர் வேலையை விட்டு விருப்ப ஓய்வு வாங்கிய வருடம்தான் இதெல்லாம் தொடங்கியது. எவனோ ஒருவன் வீட்டுக்குள்ளேயே கத்தி செய்கிற வீடியோவை என் மருந்துக்கடையில் உட்கார்ந்து இருவரும் பார்த்தோம். எனக்கும் ஒன்றும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்த கையோடு என் வீட்டுக் கொல்லையில் தகரக் கொட்டகை போட்டாயிற்று. லாரி பிரேக் டிரம்தான் உலை. வேலிக்கருவைக் கரி, காற்றுக்கு என் மகளின் பழைய ஹேர் டிரையர். லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையை வெட்டித் தேய்த்து உருவம் கொண்டுவருவது நீங்கள். தோய்ச்சல் நான். அதன்பின் நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கைப்பிடி போட்டு, மறு ஞாயிறு கொண்டுவருவீர்கள். இந்த ஏற்பாட்டைச் செய்ததும் நான்தான். அதிலேயே உங்களுக்கு வசதி செய்து கொடுத்திருக்கிறேன்.

எண்ணெயிலிருந்து எடுத்த இரும்பு ஆறியதும் உங்களிடம் நீட்டுவேன். நீங்கள் வாங்க மாட்டீர்கள். "கீழ வையி மாப்ள. கத்தியக் கைக்குக் கை கொடுத்தா சண்ட வரும்" என்பீர்கள். துவைகல்லின் மேல் வைப்பேன். நீங்கள் எடுத்துத் துண்டில் சுற்றிக்கொள்வீர்கள். ஆறு வருடம் அப்படித்தான். ஒரு வாய்ச்சண்டைகூட வரவில்லை. இப்போது வந்திருக்கிறது, நீங்கள் இல்லை.

நான் பேசிய பேச்சை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது. "வெட்டுறதும் தேய்க்கிறதும் எவனும் செய்வான். கத்திக்கு உசுரு தோய்ச்சல்ல இருக்கு" என்று உறவில் ஒரு வீடு விடாமல் சொன்னேன். உயிர் என் வேலை, உடுப்பு உங்கள் வேலை என்று உங்கள் முகத்துக்கு நேரே கேலி செய்தேன். நாம் கத்தி கொடுத்திருந்த கடலைமிட்டாய்க்காரர் ஒருநாள் என் கடைக்கு வந்து, "அண்ணாச்சி, ஒரு வருசமாப் பாகு வெட்டுதேன், இன்னும் வாய் மழுங்கல" என்றார். பக்கத்து ஸ்டூலில் நீங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தீர்கள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இரும்பின் நிறத்தைக் கண்ணாலேயே பார்த்துத் தெரிந்துகொள்வேன் என்று நான் கால் மணி நேரம் அளந்தேன். நீங்கள் டம்ளருக்குள் பார்த்துச் சிரித்தீர்கள். என் பெருமைக்காகச் சிரிக்கிறீர்கள் என்று நினைத்தேன்.

கல்லறைத் திருநாளுக்கு உங்கள் கல்லறையைச் சுத்தம் செய்யவென்று ஒரு வெட்டுக்கத்தி செய்தேன். நீங்கள் போனபின் நான் தனியாகச் செய்த முதல் கத்தி. வெட்டினது, தோய்ச்சல், கைப்பிடி எல்லாம் நானே. மழை பெய்து கரிசல் செருப்பில் அப்பிக்கொண்டு, ஆளுக்கு ஒரு படி மண்ணைச் சுமந்து நடந்தோம். அக்கா மெழுகுவர்த்தியைப் பற்றவைத்தாள். நான் சிலுவை ஓரத்தில் முளைத்திருந்த கருவைக் கன்றை ஒரு வெட்டு வெட்டினேன். கன்று சாய்ந்தது. கத்தியின் வாய் அப்பளம் போல மடங்கிவிட்டது.

அக்கா எட்டிப் பார்த்தாள். "இதுல அவிய கை படலல்லா, அதான்" என்றாள்.

"கைப்பிடி யாரு போட்டா என்னக்கா? வாய் எப்படி மடங்கும்?"

"கைப்பிடியா? ஏலே, நீ கொடுத்துவிடுதத எல்லாம் அவிய திரும்பச் சுட்டுல்லா எண்ணெயில முக்குவாவ." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போய்ப் புறவாசலைக் காட்டினாள். இரண்டு செங்கல், கரி, இந்த டின், இந்தக் காந்தம். சூடு போதாத இரும்பு காந்தத்தில் ஒட்டும், சரியான சூட்டில் ஒட்டாமல் விட்டுவிடும், அந்த நொடியில் எண்ணெயில் முக்க வேண்டும் என்று அக்கா எனக்குப் பாடம் நடத்தினாள். காந்தம் வைத்துப் பார்க்கலாமே என்று நீங்கள் ஆரம்பத்தில் ஒருமுறை சொன்னதும், காந்தம் எல்லாம் கண் இல்லாதவனுக்கு என்று நான் அடக்கியதும் அப்போது நினைவுக்கு வந்தன. அதோடு நீங்கள் வாயை மூடிக்கொண்டீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். நீங்கள் ஆறு வருடம் மறைத்து, எனக்கே பரிமாறியிருக்கிறீர்கள்.

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"'சொன்னா ஒந்தம்பி விட்டுருவான்ட்டி, பெறகு ஞாயித்துக்கெழம நான் எங்க போயி உக்காருவேன்'னாவ."

அந்தச் சொல்தான் அத்தான் வலிக்கிறது. விட்டுவிடுவேன் என்று நீங்கள் எப்படி முடிவு செய்யலாம்? நான் ஆசையாக வாங்கிய தேனீப் பெட்டி இரண்டாம் வாரமே கோழிக்கூண்டானது உண்மைதான். கீபோர்டு பரணுக்குப் போனதும் உண்மைதான். அதற்காக? தோய்ச்சல் ஏறிய இரும்பில் அரத்தைத் தேய்த்தால் கடிக்காமல் வழுக்கும், ஏறாததில் பொடி உதிரும். என் கத்திகளைத் தேய்த்தது போலவே என்னையும் தேய்த்துப் பார்த்து, இவன் தாங்க மாட்டான் என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். ஊரெல்லாம் நான் தண்டோரா போட விட்டு, வீட்டில் இருவரும் கமுக்கமாக இருந்திருக்கிறீர்கள். உட்கார இடம் வேண்டுமென்றால் கேட்டிருக்கலாம். கத்தியே இல்லாமல் கொட்டகையில் சும்மா உட்கார்ந்து டீ குடித்திருப்போம்.

இரண்டு வாரம் அக்கா வீட்டுப் பக்கம் போகவில்லை. மூன்றாம் வாரம் அவளே குழம்புச் சட்டியோடு வந்தாள். நான் முகம் கொடுக்கவில்லை. வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"எல்லாத்தையும்னு சொன்னது தப்புலே. ஒருநா அரத்தோட அடுப்படிக்கு வந்தாவ. 'ஏட்டி, இன்னைக்கு ஒந்தம்பி செயிச்சுட்டான், வழுக்குது பாரு'ன்னாவ. அதத் தொடவே இல்ல. அப்படியே கைப்பிடி போட்டாவ."

"எந்தக் கத்தி?"

"எனக்கு என்ன தெரியும்? நான் ரசத்தப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அன்றிலிருந்து அரத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிகிறேன். பசுவந்தனைச் சித்தி வீட்டு அரிவாள்மனைக்குப் பக்கத்தில் கிடந்த நம் கத்தியைத் தேய்த்தேன். புதியம்புத்தூரில் தையல்காரர் வீட்டுக் கத்தி, கடலைமிட்டாய்க்காரர் கத்தி, என் மனைவி தினமும் வெங்காயம் நறுக்குகிற கத்தி, எல்லாவற்றையும் தேய்த்தேன். எதற்கு என்று கேட்டவர்களிடம் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஒன்றிலும் பொடி உதிரவில்லை. எல்லாமே வழுக்குகின்றன. அவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறீர்கள்.

மடங்கிய கத்தியை நேற்று உங்கள் காந்தத்தை வைத்துத் திரும்பச் சுட்டேன். அரம் வழுக்கியது. பழக்க தோஷத்தில் அதைத் துவைகல்லின் மேல் வைத்துவிட்டு, எடுப்பீர்கள் என்று கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு நானே எடுத்துக்கொண்டேன்.

கோபம் போகவில்லை அத்தான், போகும் என்றும் தோன்றவில்லை. ஆனால் அங்கே நான் வந்து சேர்ந்ததும் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். முதலில் அது எந்தக் கத்தி என்று சொல்லுங்கள்.