பூங்காவனம் தலையாட்டவில்லை

வடக்குப்பட்டு, 1991

அன்பு மாப்பிள்ளை, எங்கிருந்தாலும் நலமாக இருங்கள்.

வரிசை போடாமல் எனக்கு எழுத வராது. நீங்கள் கேலி செய்தாலும் பரவாயில்லை.

1. என் தங்கை, உங்கள் மனைவி பூங்காவனத்தின் கழுத்துக்கு வந்திருப்பது.
2. பட்டணத்து டாக்டர் சொன்னது.
3. ஆபரேஷனுக்கு அவளுக்குச் சம்மதமில்லை என்பது.
4. நான் என்ன செய்வது என்பது.

நீங்கள் உயிரோடு இருந்தபோதே அவள் விரல்களைக் கோணலாக்கிய மூட்டுவாதம் கழுத்துக்கு ஏறிவிட்டது. மண்டைக்குக் கீழே முதல் இரண்டு எலும்புகளும் ஒன்றையொன்று பிடிக்காமல் நழுவுகின்றனவாம். கால் மரத்துப்போய், செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடக்கிறாள். புல்லுக்கட்டு சுமந்ததால்தானோ என்று கேட்டேன். டாக்டர் இல்லை என்றார். எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

இரண்டாவது. இடுப்பிலிருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து அங்கே வைத்துக் கம்பியால் கட்டுவார்களாம். எல்லாம் சேர்ந்து ஒரே எலும்பாக வளர்ந்துவிடுமாம். பிறகு கழுத்து முன்போலத் திரும்பாது. செய்யாமல் விட்டால், ஒருமுறை தடுக்கினால் போதும், கை கால் விழுந்துவிடலாம், மூச்சே நிற்கலாம் என்கிறார். செய்யும்போதும் ஆபத்து உண்டு என்கிறார். அப்படியானால் மனிதன் எதைப் பிடித்துக்கொள்வது, மாப்பிள்ளை?

மூன்றாவது. "என்னம்மா, செஞ்சிடலாமா?" என்று டாக்டர் அவளிடமே கேட்டார். கழுத்துப் பட்டையோடு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்ததும் உங்கள் மகன் சங்கரிடம், "உங்கம்மாவுக்கு இஷ்டமில்லைப்பா" என்றேன். அதன்பின் நானும் பேச்செடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. வற்புறுத்தி ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன்?

இவ்வளவு எழுதியபோது சங்கர் ஷிப்டு முடிந்து வந்தான். சைக்கிளை நிறுத்தும்போதே சத்தம்.

"இன்னா மாமா, லெட்டர் எழுதிக்கினு கீறீங்க? காத்தால அம்மா வாசப்படியில தடுக்கிச்சாமே! பக்கத்து வூட்டு அக்கா புடிக்கலன்னா இன்னா ஆயிருக்கும்?"

"ஆபரேஷன் அவளுக்கு இஷ்டமில்லையேப்பா."

உள்ளேயிருந்து பூங்காவனம் குரல் கொடுத்தாள்: "யாருக்கு? அண்ணன்தான் வாணாம்னு வுட்டுட்டாருன்னு நான் நெனச்சிக்கினு கீறேன்."

"டாக்டர் கேட்டப்போ நீ ஒண்ணும் சொல்லலையேம்மா?"

"கழுத்துல இம்மாம் பெரிய பட்டைய மாட்டிட்டு கேட்டா, எப்படிண்ணா தலையாட்றது?"

சங்கர் சிரித்துவிட்டான். "வாயி இன்னாத்துக்கு கீது?"

"உங்க மாமா எதிர்ல நான் எப்படா வாயத் தொறந்து பதில் சொல்லிக்கீறேன்?"

உண்மைதான். உங்களைப் பிடித்திருக்கிறதா என்று நான் கேட்ட அன்றும் தலையை மட்டும்தான் ஆட்டினாள். அவள் வழக்கம் தெரிந்த நான், ஆட்ட முடியாத தலையைப் பார்த்து எப்படி முடிவு கட்டினேன்?

"பயமில்லையாம்மா?" என்றேன்.

"கீது. தெனம் குளிக்கப் போறதுக்கும்தான் பயம் கீது."

திங்கட்கிழமை வண்டி பேசி அழைத்துப் போகிறேன். கையெழுத்தும் போடுகிறேன். நல்லபடி முடியுமா? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் இனி எதையும் அவளிடம் வாய்விட்டுக் கேட்பேன், அவள் வாயால் பதில் வரும்வரை காத்திருப்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

மூன்றாவதாக எழுதியது தவறு, மாப்பிள்ளை. அவளுக்குச் சம்மதம்.

உங்கள் பூங்காவனத்தின் அண்ணன்,
உங்கள் மச்சான்