கிடாவில் யாருக்குப் பங்கு

லூயிஸ் தீவு,
செப்டம்பர் 23, 2014

அன்பு மகள் இஷ்பெலுக்கு அம்மா பெய்கி எழுதுவது. உன் கடிதம் வந்தது, நீ நன்றாக இருக்கிறாய் என்று படித்ததும் வயிறு குளிர்ந்தது. இங்கே நான் நலம், அப்பா நலம், முழங்கால் வலியைத் தவிர ஒரு குறையும் இல்லை. பெரியப்பாவுக்குத்தான் தொண்டை கட்டி, பேச்சு காற்றாக வருகிறது, அது எப்படி என்று கீழே சொல்கிறேன். இதையெல்லாம் போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா பக்கத்திலேயே நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பார், அதனால்தான் எழுதுகிறேன். படித்துவிட்டுச் சிரி, ஆனால் அவரிடம் சொல்லிவிடாதே.

ஸ்காட்லாந்து தனி நாடாகலாமா என்ற ஓட்டெடுப்பு எப்படி முடிந்தது என்று அந்த நியூசிலாந்தில் உனக்கும் தெரிந்திருக்கும், வேண்டாம் என்றவர்கள் ஜெயித்துவிட்டார்கள். உனக்குத் தெரியாதது நம் வீட்டு ஓட்டெடுப்பு. ஜூலையிலேயே உன் அப்பா முன்ஜன்னலில் தனி நாடு வேண்டும் என்று நீலத் தாளை ஒட்டினார். மறுநாள் எதிர்வீட்டு ஜன்னலில் பெரியப்பா வேண்டாம் என்று ஒட்டினார். அப்பா இன்னும் பெரிய தாளாக ஒட்டினார், பெரியப்பா அதைவிடப் பெரிதாக ஒட்டினார், கடைசியில் இரண்டு வீட்டுக்குள்ளும் பட்டப்பகலில் விளக்குப் போடவேண்டியதாயிற்று. சரி, ஆண்பிள்ளைகள் ஏதோ விளையாடுகிறார்கள் என்று நானும் விட்டுவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

ஹில்டா பெரியம்மா போன இந்தப் பதினொரு வருஷமாக ஞாயிறு கோவில் முடிந்ததும் பெரியப்பாவுக்கு நம் வீட்டில்தான் சாப்பாடு என்று உனக்குத் தெரியும். ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, சூப் குடித்துக்கொண்டிருக்கும்போது உன் அப்பாவுக்கு வாயில் சனி. “இருபது வருஷம் லண்டன்காரங்க கப்பல்ல உப்பு தின்னவன் நீ, அவங்களுக்குத்தானே ஓட்டுப் போடுவே” என்று சொல்லித் தொலைத்தார். பெரியப்பா கரண்டியைக் கீழே வைத்தார். “பிரியுறதுன்னா அவ்வளவு ஆசையா ஒனக்கு? அப்ப மொதல்ல நாம பிரிவோம்டா. மேய்ச்சல் மலையில என் பாதியை நான் தனியாப் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு பாதிச் சூப்போடு எழுந்து போய்விட்டார். திங்கட்கிழமை காலையில் பார்த்தால் கம்பமும் கம்பியும் இறங்குகின்றன.

இதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. தாத்தா காலத்திலிருந்து பொதுவாக இருக்கிற மலைக்கு நடுவில் வேலி போடுகிறவர் யார்? எல்லாரும் ஒன்றாகவே இருப்போம் என்று ஊர் ஊராகத் துண்டுச்சீட்டு கொடுத்த உன் பெரியப்பா. அதைப் பார்த்து நெஞ்சில் அடித்துக்கொண்டவர் யார்? தனியாகப் போவோம் என்று தொண்டை கிழியக் கத்திய உன் அப்பா. “நூறு வருஷமா ஒண்ணா மேஞ்ச ஆட்டை எதுக்குப் பிரிக்கணும்? சேந்திருந்தாத்தானே ரெண்டு பேருக்கும் பலம்” என்று வாசலில் நின்று காற்றைப் பார்த்துப் பேசினார். எதிர்வாசலிலிருந்து பெரியப்பா அதே காற்றுக்குப் பதில் சொன்னார், “என் தலையெழுத்தை நானே முடிவு பண்ணிக்குவேன், எவன் தயவும் வேண்டாம்” என்று. யார் எந்தக் கட்சி என்று எனக்கே தலை சுற்றியது. ஆடுகளுக்கு மட்டும் ஒரு குழப்பமும் இல்லை. அவை குட்டியாக இருந்தபோது எந்தச் சரிவில் தாயோடு மேய்ந்தனவோ அந்தச் சரிவுக்குத்தான் போவேன் என்று கம்பிக்கு அடியில் நுழைந்து போய்க்கொண்டே இருந்தன. பெரியப்பா தினமும் விடிந்ததும் தன் ஆடுகளை வெளிநாட்டிலிருந்து திருப்பி ஓட்டிக்கொண்டு வருவார்.

அடுத்த சண்டை நம் பொலிகிடா ஹெக்டருக்காக. அது பொதுக்கிடா. மலை பிரிந்தாலும் கிடாவை இரண்டு பேரும் பொதுவாக வைத்துக்கொள்ளலாம் என்று பெரியப்பா என் மூலம் சொல்லி அனுப்பினார். “பிரிஞ்சு போறவனுக்குக் கிடாவுல பங்கு கிடையாது, போய்ச் சொல்லு” என்றார் உன் அப்பா. அதற்கு முதல்நாள்தான், பிரிந்து போனால் பவுண்டு நோட்டில் உங்களுக்குப் பங்கு கிடையாது என்று லண்டனிலிருந்து ஒருவர் தொலைக்காட்சியில் சொன்னார் என்று செருப்பைக் கழற்றி அதன்மேல் வீசியிருந்தார் இந்த மனிதர். நான் அந்தச் செருப்பை எடுத்துக்கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். புரிந்துகொள்ளவே இல்லை, காலில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

இஷ்பெல், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஸ்காட்லாந்து தனியாகப் போனாலும் சேர்ந்தே கிடந்தாலும் நான்தான் பாத்திரம் கழுவப்போகிறேன். ஆனால் பெரியப்பாவுக்கு எழுபத்து நாலு வயது, போன வசந்தத்தில்தான் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் கிடந்தார். இப்படியே பேசாமல் இருக்கும்போது அவருக்கு ஒன்று ஆகிவிட்டால், அதற்குப் பிறகு உன் அப்பாவை யார் தேற்றுவது? சாப்பாடு கட்டிக் கொண்டுபோய் அவர் வாசலில் வைப்பேன், மறுநாள் பாத்திரம் பளபளவென்று கழுவித் திரும்பி வரும். சாப்பிடுகிறாரே என்று சந்தோஷப்பட்டேன். மூன்று வாரம் கழித்துத்தான் பார்க்கிறேன், அவருடைய நாய் நடக்கமுடியாத அளவுக்குக் கொழுத்திருக்கிறது.

ஓட்டுப்போடுகிற அன்று பெரியப்பாவின் கார் கிளம்பவில்லை. நான்தான் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன், ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். நானும் போட்டுவிட்டு வந்தேன். திரும்பும் வழியெல்லாம் இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள், நான் சாலையைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. உன் அப்பா மத்தியானம் வரை ஆட்டுக்கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை, அழுதாரா என்று நான் கேட்கவில்லை. ஜெயித்தவராவது சந்தோஷமாக இருந்தாரா என்றால், சேர்ந்தே இருப்போம் என்று ஓட்டுப் போட்டு ஜெயித்த மகராசன் அன்று காலையில்தான் வேலியின் கடைசி நாலு கம்பத்தை அடித்து முடித்தார்.

இனிமேல்தான் ஞாயிற்றுக்கிழமைக் கதை. கோவில் விட்டுக் கறுப்புக் கோட்டோடு எல்லாரும் நடந்து வருகிறோம். அடைப்பைத் தாண்டிக் குதித்து வந்த ஹெக்டர் புதுவேலியையும் தாண்டப்போய், அடுப்பில் எரிக்கக் கரிமண்கட்டி வெட்டின பழைய பள்ளத்துச் சேற்றில் வயிறு வரைக்கும் இறங்கி நிற்கிறது. இரண்டு பேரும் ஓடினார்கள். ஓடிப்போய் என்ன செய்தார்கள்? “உன் கிடாதானே, நீயே தூக்கு. எனக்குத்தான் பங்கு இல்லேன்னியே” என்றார் பெரியப்பா. “வேலி உன்னுது. உன் வேலியில விழுந்த கிடா உன் கிடா” என்றார் அப்பா. ஒரு மாதமாக எனக்கு எனக்கு என்று அடித்துக்கொண்ட கிடா ஒரு நிமிஷத்தில் அனாதை ஆகிவிட்டது. சொல்வதையும் நேருக்கு நேர் சொல்லவில்லை, இரண்டு பேரும் கிடாவைப் பார்த்தே சொன்னார்கள்.

அதற்குமேல் ஓய்வுநாள் வேறு. ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட்டாலே ஊர் பேசும், கிடா தூக்கலாமா? பள்ளத்தில் விழுந்த மிருகத்தைத் தூக்கலாம், அது இரக்கம், வேலை இல்லை என்றார் அப்பா. “விழுந்தாத்தான் தூக்கலாம். இது விழல, நிக்குது” என்றார் பெரியப்பா. “இன்னும் கொஞ்ச நேரம் பேசிக்கிட்டிரு, முழுகிடும், அப்ப விழுந்துச்சுன்னு ஒத்துக்குவியா?” என்றார் அப்பா. ஓய்வுநாளில் சிரிக்கக்கூடாதே என்று சாலையில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள், தோள்கள்தான் குலுங்கின. போதகர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “அங்க நின்னு பேசுறீங்களே, அதான்யா பாவம்” என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்.

கால் வைக்கப் பலகை வேண்டும். பெரியப்பா போய்த் தன் வேலியிலேயே இரண்டு கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்து சேற்றின்மேல் போட்டார். ஆளுக்கொரு கொம்பைப் பிடித்து இழுத்தார்கள். இழுத்த இழுப்பில் கம்பம் உருண்டது, பெரியப்பா இடுப்பு வரைக்கும் உள்ளே போய்விட்டார், என் உயிரே போய்விட்டது. உன் அப்பா கிடாவை விட்டார், “அண்ணே!” என்று ஒரு கத்துக் கத்தி, பாய்ந்து கோட்டுக் காலரைப் பிடித்துக்கொண்டார். ஐந்து வாரத்தில் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. “கழுத்தை நெரிக்காதடா” என்றார் அவர். இரண்டு பேரும் இப்படிக் கட்டிப் புரண்டுகொண்டிருக்க, ஹெக்டர் நிதானமாகப் பெரியப்பாவின் தோளில் கால் வைத்து ஏறிக் கரைக்குப் போய்ப் புல் மேய ஆரம்பித்தது.

வீட்டுக்குக் கூட்டி வந்து இரண்டு பேரையும் கம்பளியில் சுற்றி அடுப்பு முன்னால் உட்காரவைத்தேன். சும்மா இருந்தாரா உன் அப்பா? “கேக்கறேன்னு கோவிச்சுக்காதேண்ணே. அந்த லண்டன்மேல அப்படி என்ன பாசம் உனக்கு?” என்றார். காலர் இறுக்கியதிலும் சேற்றுக் குளிரிலும் கட்டிப்போன அந்தக் காற்றுக் குரலில் பெரியப்பா சொன்னார், “லண்டனை எவன்டா கேட்டான்? ஹில்டா அவ அப்பா அம்மா பக்கத்துல, இங்கிலாந்துல நார்தம்பர்லாந்து கல்லறையில படுத்திருக்கா. நடுவுல எல்லை போட்டுட்டா என் பொண்டாட்டி வெளிநாட்டுல கிடப்பாடா. எனக்கும் அவ பக்கத்துலதான் எடம் போட்டு வெச்சிருக்கு.”

எண்ணெய், பென்ஷன், பவுண்டு என்று கோடை முழுக்கப் பேசிய உன் அப்பா எழுந்து, அண்ணன் தோளில் நழுவிய கம்பளியை இழுத்துவிட்டார். நானும் இத்தனை நாளில் பெரியப்பாவை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அப்பா சொன்னார், “நான் இஷ்பெலுக்காகத்தாண்ணே போட்டேன். நாடு நம்ம கைக்கு வந்தா இங்கயே நாலு வேலை வரும், போன புள்ளைங்க திரும்பி வரும்னு நெனச்சேன்.” இருபத்தேழு வருஷமாகக் கூட இருக்கிறேன், என்னிடம்கூட இதைச் சொன்னதில்லை. “மொதல்லயே சொல்லியிருக்கலாமேடா” என்றார் பெரியப்பா. “சொல்லியிருந்தா ஓட்டை மாத்தியிருப்பியா?” “மாட்டேன். ஆனா இவ்வளவு கத்தியிருக்க மாட்டேன்.”

வேலி இன்னும் நிற்கிறது, கம்பம் பிடுங்கிய இடத்தில் ஒரு சந்து, ஆடுகள் அதை வாசலாக்கிக்கொண்டன. கிடா யாருக்கு என்று இன்றைக்கும் சண்டை, ஆனால் நேருக்கு நேர்.

குளிரில் காதை மூடிக்கொள், மருத்துவமனையில் இரவு வேலை என்றால் சாப்பிடாமல் போகாதே. ஒன்று மட்டும் மறக்காதே. சனிக்கிழமை நீ போன் பண்ணும் நேரத்துக்கு அரைமணி முன்பே உன் அப்பா போன் பக்கத்தில் வந்து உட்காருவார், சும்மாதான் உட்கார்ந்தேன் என்பார். உன்னிடம் அங்கத்து ஆடுகளைப் பற்றித்தான் கேட்பார், வேறு ஒன்றும் கேட்கமாட்டார். நீயாகவே சொல்லிவிடு மகளே. வருவதானால் எப்போது என்று சொல், வரமுடியாது என்றால் அதையும் சொல். போன வாரம் ஒரு தோல்வியைத் தாங்கியவர், இன்னொன்றையும் தாங்குவார். கேட்கமுடியாமல் உட்கார்ந்திருக்கிறாரே, அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

கடவுள் உனக்குத் துணை இருக்கட்டும், நீ எந்த மண்ணில் இருந்தாலும் நன்றாக இரு.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
பெய்கி