சார் வாசித்துக் காட்டிய தாள்

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், மூக்குக்கு வாசனை பிடிக்கிறது, நாக்குக்கு ருசி தெரிகிறது, இந்த நாளில் அதற்கு மேல் யார் கேட்கப்போகிறார்கள். அங்கே நீயும் அப்படியே இருக்கவேண்டும். போன வாரம் நீ அனுப்பிய படத்தில் மாஸ்க்கைத் தாடைக்குப் போட்டிருந்தாய், தாடை வழியாகவா மூச்சு விடுகிறாய், மேலே ஏற்றிவிடு. உன் அப்பாவுக்குப் பஸ் பட்டறை மூடி மூன்று மாதம் ஆகிறது, ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிச்சுற்றி வருகிறார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பிரித்து மாட்டினார், இப்போது அது கிறுகிறு என்று ஒரு சத்தம் போடுகிறது, காற்றுதான் வருவதில்லை. என் பக்கம் திரும்பி எனக்கும் ஏதாவது திருகாணி கழன்றிருக்கிறதா என்று பார்ப்பதற்குள் பட்டறையைத் திறந்துவிட்டால் நான் பிழைத்தேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். செவ்வாய்க்கிழமை நீ கூப்பிட்டபோது சாப்பிட்டாயா தூங்கினாயா எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் குரலை இறக்கிக்கொண்டு, "ஏம்மா, சார்கிட்ட சொல்லாம நீயா சாவிய எடுத்து லைப்ரரியத் திறந்தியாமே, எதுக்கும்மா உனக்கு இந்த வேலை?" என்று கேட்டாய். நான் சிரித்து மழுப்பிவிட்டு அடுப்பில் பால் பொங்குகிறது என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பே பற்றவைக்கவில்லை. சார் உன்னைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. போனில் சொன்னால் நடுவில் குரல் உடைந்துவிடும், நீ அங்கே ஒற்றையாக உட்கார்ந்து அழுவாய். அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்துக்கூட்டி எழுதுவது, தப்பு இருந்தால் பல்லைக் காட்டாதே.

நூலகத்தை மூடச் சொல்லி உத்தரவு வந்த அன்று நாங்கள் மூன்று பேரும்தான் இருந்தோம். நூலகர் சார், கவுண்டரில் உட்காரும் தங்கச்சி, கூட்டித் துடைத்துப் புத்தகம் அடுக்கும் நான். சாருக்கு வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், தங்கச்சிக்குக் கைக்குழந்தை, எனக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அதனால் சாவியைச் சாரே என் கையில் கொடுத்தார், வாரத்துக்கு இரண்டு தடவை போய்க் கரையான் இருக்கிறதா, ஒழுகுகிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொன்னார். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள், சாவி நானாக எடுத்ததல்ல. போனால் உள்ளே அந்தக் கறுப்பு டெலிபோன் பசித்த குழந்தை மாதிரி அடித்துக்கொண்டே இருக்கும். எடுத்தால் வாசகர்கள். எதிர்த்தெருத் தையல்காரர், கடை மூடிவிட்டது, வீட்டில் உட்கார்ந்தால் பொண்டாட்டி வேலை வைக்கிறாள், ஒரு துப்பறியும் கதையாவது கொடு என்பார். மாடி வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவத்துக்கு நாள் நெருங்குகிறது, ஆஸ்பத்திரிக்குப் போகவே பயம், பிள்ளை பெறுவது பற்றிய அந்தப் பெரிய புத்தகம் கிடைக்குமா என்பாள். நான் என்ன பதில் சொல்வது, உத்தரவு என்றேன். சாரிடம் போனில் சொன்னேன். இரண்டு நாள் யோசித்தார். பிறகு தானே வந்தார், எங்கள் இருவரையும் வரவழைத்து மூன்று நாற்காலிகளை மூன்று மூலையில் போட்டு உட்காரவைத்து, பின்பக்கம் பேப்பர் படிக்கும் அறை ஜன்னல் வழியாகக் கொடுக்கலாம், நூலகப் பதிவேட்டில் ஒன்றும் ஏற்றவேண்டாம் என்றார். யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று தங்கச்சி பயந்தாள். "யார் கேட்டாலும் நான் இருக்கேன்ல," என்றார். சத்தியமாக அந்த வார்த்தைதான். எனக்கு அவரைப் பார்த்து அவ்வளவு பெருமையாக இருந்தது, சார் இன்றைக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடிவிட்டார் என்று கேலிகூடச் செய்தேன்.

வேலை எப்படி நடந்தது என்றால், வாசகர்கள் தங்கச்சி வீட்டுப் போனுக்குக் கூப்பிடுவார்கள், அவள் சாரிடம் சொல்வாள். திங்கள்கிழமை தோறும் சார் வந்து ஒரு பள்ளிக்கூட நோட்டில் தன் கையாலேயே எழுதுவார், யார், எந்த வீட்டு எண், எந்தப் புத்தகம் என்று. பெயரைப் படிக்க எனக்கு நேரமாகும் என்று புத்தக முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பெரிதாக எழுதிக் கட்டம் போட்டுவிடுவார். நான் எண்ணைப் பார்த்து எடுத்து, பழைய செய்தித்தாளில் சுற்றி, ஜன்னல் கம்பி வழியாக நீட்டிவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொள்வேன். நோட்டு நூலகத்தில் இருக்கவேண்டாம், உன் வீட்டில் இருக்கட்டும் என்றதும் அவர்தான். திரும்பி வரும் புத்தகத்தைப் படிப்பறை மேசைகளில் நாளுக்கு ஒரு மேசை என்று வைத்துச் சாக்பீஸால் கிழமை எழுதிவிடுவேன், ஆறு நாள் யாரும் தொடக்கூடாது. உன் அப்பாவை நான் அத்தனை நாள் தொடாமல் ஒதுக்கி வைத்திருந்தால் மின்விசிறி பிழைத்திருக்கும். ஒருநாள் அவசரத்தில் இரண்டு எண்களை முன்பின்னாகப் பார்த்துத் தையல்காரருக்குக் கறவை மாட்டு நோய்கள் என்ற புத்தகத்தைக் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் வந்து, கொலை செய்தவன் யார் என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை, ஆனால் மாடு பிழைத்துக்கொண்டது என்கிறார். சாரிடம் சொன்னேன், மாஸ்க்குக்குள்ளேயே விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டு மாதம், எழுபத்தோரு வீடு, ஒருவருக்கும் எங்களால் ஒரு தும்மல்கூட வரவில்லை.

மாடி வீட்டுப் பெண்ணுக்கு நல்லபடியாகப் பிள்ளை பிறந்தது. அந்தச் சந்தோஷத்தில் அவள் முன்பு எடுத்து வைத்திருந்த ஒரு படத்தைப் போனில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள். ஜன்னல் கம்பி, அதற்குள்ளிருந்து இரண்டு கை, கையில் பொட்டலம், கீழே எங்கள் நூலகத்துக்கு நன்றி என்று எழுத்து. முகம் இல்லை, ஆனால் அந்தக் கை யாருடையது என்று இந்தத் தெருவில் குழந்தையும் சொல்லும். அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, பச்சை உடம்புக்காரி, நல்லது என்று செய்தாள். அது மேலதிகாரி கண்ணில் பட்டது. மறுநாளே சார் கூப்பிட்டு, அந்த நோட்டை எரித்துவிடு என்றார், சரி என்றேன். அதற்கு அடுத்த நாள், ஒரு கையெழுத்து வேண்டும், நூலக வாசலுக்கு வா என்றார்.

வெயில். மாஸ்க்கால் என் கண்ணாடி முழுக்க ஆவி. தட்டச்சு செய்த ஒரு தாளை வைத்துக்கொண்டு நின்றார், நான் துடைத்துத் துடைத்துப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, இரு நான் வாசிக்கிறேன் என்று வாசித்தார். நாங்கள் மூவரும் கலந்து பேசி, வாசகர் நலன் கருதி, வேண்டிய எச்சரிக்கையோடு செய்தோம், பிழையிருந்தால் பொறுத்தருள வேண்டும் என்று என்ன அழகாக வாசித்தார் தெரியுமா. நம் வீட்டுக்கு வந்த எந்தத் தாளை அவர் வாசிக்கவில்லை, உன் விடுதி விண்ணப்பம், நம் வீட்டுப் பத்திரம், உனக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்த அந்தக் கடிதம், எல்லாம் அவர் வாய் வழியாகத்தானே எனக்குத் தெரியும். போட்டேன் கையெழுத்து. போட்டுவிட்டு, மூன்று பேரில் என்னைக் கடைசியில்தானே எழுதியிருப்பீர்கள் சார் என்று கிண்டல் வேறு செய்தேன். அவர் சிரித்தார். மாடு பிழைத்ததற்குச் சிரித்த அதே சிரிப்பு. வேறு மாதிரி சிரித்திருந்தாலாவது எனக்கு ஏதோ தட்டுப்பட்டிருக்கும்.

பத்து நாள் கழித்து எனக்குத் தபாலில் மெமோ வந்தது. விரல் வைத்துப் படித்தேன். துப்புரவுப் பணியாளர் நூலகரின் அனுமதியின்றித் தாமாகவே சாவியைப் பயன்படுத்திப் புத்தகங்களை வெளியில் கொடுத்ததாக எழுதிக் கையொப்பமிட்டு ஒப்புக்கொண்டிருப்பதால், ஏன் வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்பதற்கு ஏழு நாளில் பதில் தரவேண்டும் என்று இருந்தது. நான்தான் தப்பாகக் கூட்டிப் படிக்கிறேன் என்று மூன்று தடவை படித்தேன். பிறகு உன் அப்பாவிடம் கொடுத்தேன், அவர் படித்துவிட்டு ஸ்பானரைக் கீழே வைத்தார். மூன்று மாதத்தில் முதல் தடவை. அந்தத் தாளில் இருந்தது ஒன்று, சார் வாசித்தது ஒன்று. கண்ணுக்கு எதிரில் நின்று, இல்லாததை இருப்பதுபோல, ஒரு இடத்தில்கூடத் தடுக்காமல் வாசித்திருக்கிறார். முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொண்டுதானே வந்திருப்பார், இவளுக்கு இப்படி வாசித்தால் போதும் என்று.

தங்கச்சிக்குப் போன் போட்டேன். பின்னால் குழந்தை சிணுங்கியது, அதைத் தட்டிக்கொடுத்தாள். பிறகு சொன்னாள், "டைப் அடிச்சது நான்தாங்க்கா. உங்களுக்குன்னா கூட்டுற வேலை வேற எங்கயாவது கிடைச்சிடும், எங்களுக்கு அப்படியா?" அந்தக் குழந்தையைப் பெற இடுப்புவலி கண்டு அவள் துடித்தபோது ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி வரைக்கும் கையைப் பிடித்துக்கொண்டு போனவள் நான். மறுநாள் அவளே வந்தாள், என் பதிலையும் அவர்களே டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தாள், கையெழுத்து மட்டும் போட்டால் போதுமாம், எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்களாம், சாருக்கு ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம்தானாம். நான் படித்துவிட்டுத் தருகிறேன் என்றேன். நேரமாகிறது அக்கா என்றாள். வாசலிலேயே நின்று முழுவதும் படித்தேன், அரைமணி நேரம் ஆனது, அவள் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றாள். எழுத்தறிவு குறைந்தவள் என்பதால் உத்தரவைப் புரிந்துகொள்ளாமல் செய்துவிட்டேன் என்று எழுதியிருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன். குழந்தைக்குப் பல் வந்துவிட்டதா என்று கேட்டேன், வரவில்லை என்றாள், போய்விட்டாள்.

என் பதிலை நானே எழுதினேன், இரண்டு நாள் ஆனது. சாவி சார் கொடுத்தது. ஜன்னல் வழியாகக் கொடுக்கச் சொன்னது சார். வாரா வாரம் பட்டியல் எழுதியது சார். எடுத்துக் கொடுத்தது நான், அதை மறுக்கவில்லை. சார் வாசித்ததைக் கேட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன், தாளில் வேறு இருந்தது. அவ்வளவுதான். நேற்று உன் அப்பாவோடு போய்ப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன். வேலை போனால் போகட்டும் என்று வீரம் பேசமாட்டேன், போனால் அழுவேன், பத்தொன்பது வருஷம் துடைத்த அலமாரி.

இன்னொன்று. அந்த நோட்டை நான் எரிக்கவில்லை. எரிக்கத்தான் அடுப்பு வரைக்கும் கொண்டுபோனேன், தாளைக் கிழிக்கக் கை வரவில்லை, மாவு டப்பாவுக்குக் கீழே வைத்துவிட்டேன். சார் கையெழுத்து, கட்டம் போட்ட எண்கள், எல்லாம் இருக்கிறது. உன் அப்பா அதை அதிகாரி மேசையில் வைத்தால் ஒரே நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று குதிக்கிறார். ஆனால் அதன் பக்கங்களில் எழுபத்தோரு வீட்டின் பெயரும் எண்ணும் இருக்கிறது, ஊரடங்கில் வெளியே வந்தவர்களுக்கு அபராதம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், தையல்காரருக்கு ஊசி வாங்கவே வழியில்லை. அவர்கள் என்னை நம்பித்தான் ஜன்னலுக்கு வந்தார்கள். அந்த நோட்டு வெளியே போகாது.

அதிகாரி நம்புகிறாரா இல்லையா என்பது அவர் பாடு. நீ நம்பியதுதான் எனக்கு ஆறவில்லை. சார் சொன்னார், நீ உடனே ஆமாம் போட்டுவிட்டு என்னிடம் ஏன் என்று கேட்கிறாய். நடந்ததா என்று முதலில் கேட்டிருக்கலாமே. நானும் அவரை அத்தனை வருஷம் நம்பியவள்தான், உன்னைப் போட்டுத் திட்ட எனக்கு வாய் இல்லை. இருந்தாலும் அம்மா இல்லையா, வலிக்கிறது. உன் அப்பா நோட்டின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து உனக்கு அனுப்பலாம் என்று போனை எடுத்துவிட்டார், வெளிச்சத்துக்கு ஜன்னல் பக்கம்கூடத் திருப்பிவிட்டார். நான் பிடுங்கி வைத்துவிட்டேன். என் மகளுக்கு நான் சாட்சி காட்டமாட்டேன். நம்புவதாக இருந்தால் இந்தக் கடிதத்தை வைத்து நம்பு.

சாரைக் கூப்பிட்டுச் சண்டை போடாதே, அவருக்கும் வயதாகிறது. உடம்பைப் பார்த்துக்கொள், பட்டினி கிடக்காதே, நேரத்துக்குத் தூங்கு. எந்தக் குறையும் அண்டாமல் நீ நூறு வருஷம் நன்றாக இருக்கவேண்டும், உன் அப்பாவும் அதையே சொல்லச் சொல்கிறார், ஸ்பானர் மறுபடி கைக்கு வந்துவிட்டது. மறந்துவிடாதே, பதிலைப் போனில் சொல்லவேண்டாம், கையால் எழுதி அனுப்பு. எவ்வளவு நீளமாக இருந்தாலும் பரவாயில்லை, யாரிடமும் கொடுக்காமல் நானே படித்துக்கொள்வேன்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா