ஆபீசில் போட்ட கையெழுத்து

புதூர்நாடு
3 மார்ச் 2025

அன்புள்ள வல்லி,

சுகமாக ஊர் வந்து சேர்ந்தேன். அம்மாவோடு உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுக்கிறேன். பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் மெயில். நீயும் தட்டியே அனுப்பு, என் போன் வாசித்துவிடும். கையால் எழுதி போட்டோ பிடித்து அனுப்பினால் பார்க்க எனக்குக் கண்ணா இருக்கிறது!

காலேஜ் ஆன்லைன் பரீட்சையில் எனக்கு பூஜ்யம் வந்தது உனக்குத் தெரியும். கேள்வியெல்லாம் படமாகப் போட்டிருந்தார்கள். போன் 'படம், படம்' என்று சொல்லியே ஒரு மணி நேரமும் போய்விட்டது. மறுதேர்வு கேட்டு மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுத்தேனே, அந்த அதிகாரி இன்று காலை போனில் கூப்பிட்டார்.

"இன்னாம்மா, பாடம், பரீட்சை எல்லாம் உன்னால வாசிக்க முடியுதுன்னு நீயே கையெழுத்து போட்டுக் குடுத்துக்கீறியே?"

மனு நிற்காதாம். ஒரு வருடம் வீண். அப்பா இனி அனுப்ப மாட்டார்.

நான் போட்ட ஒரே கையெழுத்து, காலேஜ் ஆபீசில் நீ என் விரலைப் பிடித்து வைத்த இடத்தில்தான். ஹாஸ்டல் ஃபாரம் என்றாய். அதை நீ வாசித்தாயா?

உன் செல்லி

அமிர்தி
5 மார்ச் 2025

என் செல்லிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அக்கா மகனுக்கு மொட்டை போட்டோம். நீ வரவில்லையே என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். அது ஹாஸ்டல் ஃபாரம்தான்டி. கிளார்க் வேறு தாளைச் சேர்த்து வைத்திருப்பார், அன்றைக்கு ஒரே கூட்டம். மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு.

உன் வல்லி

புதூர்நாடு
6 மார்ச் 2025

வல்லி,

மூன்று வருடமாக நீதான் எனக்கு வாசிக்கிறாய். பிடிக்காத பக்கம் வந்தால் வேகமாக வாசிப்பாய், எனக்குத் தெரியும். போன் உன் கடிதத்தை ஒரே குரலில் வாசித்தது, எதுவும் பிடிபடவில்லை. வாசித்தாயா, இல்லையா? அதை மட்டும் எழுது.

செல்லி

அமிர்தி
9 மார்ச் 2025

செல்லி,

வாசித்தேன். முழுசும் வாசித்தேன்.

"அவகிட்ட சொன்னா சண்ட போடுவா. நீ சொன்னா கையெழுத்து போட்டுடுவா. காலேஜுக்கு வர்ற ஆய்வு முடிஞ்சதும் எல்லாத்தையும் சரி பண்ணிடறோம்மா. லைப்ரரில ஒரு வேலையும் காலியா கீது, உனக்குத்தான்" என்றார் காலேஜ் ஆபீஸ் சார். நம்பினேன். இல்லை, பொய் எதற்கு, வேலைக்கு ஆசைப்பட்டேன். பாவி நான்.

நாளைக்கு அதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கிறேன். வேலை போனால் போகட்டும். மறுதேர்வு வந்தால் நான்தான் உனக்கு வாசிப்பேன், சரியாடி? திட்டியாவது ஒரு வரி எழுது.

வல்லி

புதூர்நாடு
17 மார்ச் 2025

வல்லிக்கு,

சொன்னபடியே எழுதிக் கொடுத்துவிட்டாய். அதிகாரி கூப்பிட்டுச் சொன்னார். இருபத்தாறாம் தேதி மறுதேர்வு. எல்லாவற்றையும் போன் வாசிக்கிற மாதிரி மாற்ற காலேஜுக்கு மூன்று மாதம் கெடு. அதுவரை கேள்வியை வாசிக்க ஆள் வைத்துக்கொள்ளலாமாம்.

உனக்கு அந்த வேலை இல்லை என்று ஆகிவிட்டதாமே. கேட்டதும் கஷ்டமாக இருந்தது. உன்மேல் கோபம்கூட வரவில்லை, அழுகைதான் வருகிறது.

"யாரும்மா வாசிக்கணும், ஒரு பேர் சொல்லு" என்றார். உன் பெயர் வாய்வரை வந்தது.

"யாரா இருந்தாலும் சரிங்க சார். என்னத் தெரியாதவங்களா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன்.

செல்லி